ஏழாம் அத்தியாயம்: இருக்கை உறையும் எஞ்சின் எண்ணெயும்

கீரனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் டிராக்டரோ, சரக்கு வேனோ, ஷேர் ஆட்டோவோ, கிணற்றடியில் ஓர் ஆயில் எஞ்சினோ வைத்துப் பிழைக்கிறவர்கள் எண்ணெயைக் கையாளும் முறையைக் கவனித்தால், வேண்டாத இடத்தில் தாராளமும் வேண்டிய இடத்தில் கஞ்சத்தனமும் ஒரே மனிதரிடம் எப்படிக் குடியிருக்கின்றன என்று வியப்பு உண்டாகும். எண்ணெய்ப் பசையே படக்கூடாத ரெக்சின் இருக்கையின்மேல், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வண்டியைக் கழுவும்போதெல்லாம், மண்ணெண்ணெயையோ டீசலையோ பழந்துணியில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். குறித்த காலத்தில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றவேண்டிய எஞ்சினையோ, சென்ற தீபாவளிக்கு ஊற்றியது இந்தத் தீபாவளிவரை தாங்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறார்கள். இருக்கையில் அதன் சொந்த எண்ணெய் வெளியேறாமல் காப்பதும், எஞ்சினில் கெட்டுப்போன எண்ணெய் தங்காமல் போக்குவதும் ஒரே சிரத்தையின் இரண்டு பக்கங்களாதலால், இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் சொல்லிவிடுவது சௌகரியமென்று தோன்றிற்று. இருக்கைக்குச் சொந்த எண்ணெய் ஏது என்று வாசகர் கேட்கக்கூடும். அதை முதலில் பார்ப்போம்.

ரெக்சின் என்ற பெயரோடு முற்காலத்தில் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டருக்கு அருகே செய்யப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் பூசிய துணி. பெயர் தங்கிப் பொருள் மாறிவிட்டது. இப்போது சீட் கவர் கடைகளில் சுருள் சுருளாக நிறுத்தியிருப்பது பெரும்பாலும் பி.வி.சி. என்னும் வினைல் பூசிய துணியாகும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்குகிறோமே, அந்தக் குழாயும் இதே பி.வி.சி.தான். அவ்வளவு விறைப்பான வஸ்துவை, 1926-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்துக் குட்ரிச் ரப்பர் கம்பெனியில் வேலைபார்த்த வால்டோ செமன் என்னும் ரசாயன நிபுணர், எளிதில் ஆவியாகாத சில திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கி, ரப்பரைப்போல் வளைந்துகொடுக்கும்படி செய்தார். பிளாஸ்டிசைசர் என்று ரசாயன நூல்கள் கூறும் அந்த எண்ணெய் போன்ற திரவமே நம் இருக்கை உறையின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை அடங்கியிருக்கிறது. அது பி.வி.சி.யோடு ரசாயன பந்தத்தால் பிணைந்து நிற்பதில்லை. இடுக்குகளில் ஒண்டியிருப்பதோடு சரி. ஆகவே கடும் வெயிலில் அது சிறிது சிறிதாக ஆவியாகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை பட்டால் அவற்றில் கரைந்து அவற்றோடு போய்விடுகிறது. தலையெண்ணெயும் வியர்வைப் பிசுக்கும் நாளடைவில் அதை உறிஞ்சுகின்றன. அது குறையக் குறைய, உறை தன் பூர்வ சுபாவமாகிய குழாயின் விறைப்பை நோக்கித் திரும்பி, முதலில் தையலோரத்திலும், பிறகு ஓட்டுநரின் தொடை பட்டு மடியும் முன்விளிம்பிலும் வெடிப்புக் காண்கிறது.

மண்ணெண்ணெய் தேய்த்த அன்று மாலைவரை இருக்கை புதிதுபோல் ஜொலிப்பது உண்மைதான். அதைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கமே வேரூன்றியது. ஆனால் மேற்பரப்பை இளகச் செய்த மண்ணெண்ணெய் ஆவியாகும்போது உறையின் எண்ணெயில் ஒரு பகுதியையும் வெளியே இழுத்துவிடுகிறது. டீசலோ ஆவியாகாமல் மெல்லிய படலமாக நின்று, மறுநாள் காலையிலேயே செம்மண் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. குதிரைச் சேணத்துக்கும் ஜட்கா வண்டியின் தோல் மெத்தைக்கும் எண்ணெய் பூசி வளர்ந்த முன்னோரின் வழக்கம் தோலுக்கு முற்றிலும் பொருந்தும், ஏனெனில் தோல் எண்ணெயை உண்ணும். வினைலுக்கு வெளியிலிருந்து நாம் ஊட்டக்கூடிய போஷாக்கு ஒன்றுமில்லை. இருப்பதைப் பறிக்காமலிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். கடைகளில் பளபளப்பு என்றும் பாலிஷ் என்றும் விற்கும் திரவங்களிலும், கரைப்பான் வாசனை மூக்கைத் துளைப்பவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

இந்தப் பிரதேசத்தின் மண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பெருஞ்சாலையில், குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமாக அமைந்த கீரனூருக்கு நாற்புறமும் செம்மண்ணும் சரளையும் பாறையுமே விரிந்துகிடக்க, நார்த்தாமலைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து லாரிகள் போய்வரும் கிளைச்சாலைகளில் மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களிலெல்லாம் கல்மாவு காற்றில் மிதக்கிறது. 1912-ஆம் ஆண்டில் சுந்தரம் ஐயங்கார் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்துக் கப்பிச்சாலைகள் தாராகி எவ்வளவோ காலம் ஆகியும், வயலுக்கும் குவாரிக்கும் பிரியும் பாதைகளின் புழுதி மட்டும் மாறவில்லை. கல்லின் தூள் கண்ணுக்கு மாவாகத் தெரிந்தாலும் உண்மையில் அது நுண்ணிய உப்புத்தாளே. ஈரத்துணியை எடுத்தவுடன் இருக்கையில் அழுத்தித் தேய்ப்பவர், அழுக்கை எடுப்பதாக எண்ணிக்கொண்டு உறையின் மேற்பூச்சை அறுக்கிறார்.

ஆகையால் முதற்காரியம் உலர்ந்த தூசியை நீக்குவது. மென்மையான துணி பிரஷ்ஷால் தையல் மடிப்புகளிலிருந்து வெளிநோக்கித் தட்டிவிட்டு, பிறகே தண்ணீரைத் தொடவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் அரை வாளியில், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு கரண்டி அல்லது தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு பாக்கெட் ஒன்று கரைத்தால் போதும். துணி துவைக்கும் சவுக்காரத் தூள் காரம் மிகுந்தது. அதை வழக்கமாக்க வேண்டாம். பழைய பனியன் துணியை அந்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு முழ அகலம் துடைத்து, அது உலருமுன்பே நல்ல தண்ணீரில் நனைத்த வேறொரு துணியால் சோப்பை எடுத்துவிட்டு, அதன் பிறகே அடுத்த பகுதிக்கு நகரவேண்டும். இருக்கை முழுவதற்கும் ஒரே தடவையில் நுரை பூசிவிட்டு நிற்பவர்களுக்கு, நம் ஊர் வெயிலில், முதலில் பூசிய இடம் காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடும். இரும்பு நாரும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும், தேங்காய் நாரும் இருக்கையின் பக்கமே வரலாகாது. நிழலில் நிறுத்தித்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதையும், துடைத்து முடித்தபின் கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றில் உலரவிடவேண்டும் என்பதையும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் பலர் செய்வதில்லை.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் அழுத்தத்தோடு பாயும் நீரை இருக்கையின்மேல் பிடிப்பதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். வினைல் நீரை உட்புக விடாது என்பது மெய்யே. தையல் துளைகளோ விடும். உள்ளே புகுந்த நீர் ஸ்பாஞ்சில் தங்கி, வெளியேற வழியின்றி, நூலை மக்கச்செய்து, அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைத்து, கடைசியில் வண்டிக்குள் ஏறியவுடன் முகத்தில் அறையும் அந்த முடைநாற்றத்தை உண்டாக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடிவைத்த வண்டியின் இருக்கையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பூப்பதும் இந்த ஈரத்தால்தான். சோப்பு நீருக்கு அது அடங்காவிட்டால், திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடத்தில் மட்டும் துணியால் ஒற்றி, பத்து நிமிஷத்துக்குமேல் விடாமல், நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்துவிடலாம். பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்ப்பது வேண்டாம். கரையாத பொடி ஒட்டிய இடமெல்லாம் நிறம் வெளிறிவிடும். பிளீச்சோடு ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழுந்து, மூடிய வண்டிக்குள் உயிருக்கே ஆபத்தாக முடியுமாதலால், அந்த இரண்டு பாட்டில்களையும் ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது.

கறைகளுள் நம் நாட்டுக்கே விசேஷமானவை சில உண்டு. ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்த வண்டியின் இருக்கையைப் பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் காணலாம். சந்தனம் சோப்பு நீரில் போய்விடும். குங்குமத்தை ஈரத்துணியால் தேய்த்தால் பரவுமாதலால், முதலில் உலர்ந்த நிலையிலேயே ஊதியும் தட்டியும் எடுத்துவிட்டுப் பிறகு துடைக்கவேண்டும். மஞ்சள் வினைலுக்குள் சற்றே ஊறிவிடும் தன்மையுடையது. அதைச் சுரண்டி எடுக்க முயல்வது வீண். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையக்கூடியதால், சோப்பால் துடைத்துவிட்டு ஒரு சில நாள் வழக்கமான வெயிலில் வண்டி நின்றாலே பெரும்பகுதி வெளுத்துவிடும். பேனா மைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, கறையின் மேல் மட்டும் ஒற்றி, உடனே தண்ணீரால் துடைத்துவிடவேண்டும். ஸ்பிரிட்டும் ஒரு கரைப்பானே என்பது நினைவிருக்கட்டும். எல்லாவற்றிலும் பெரிய சத்துரு, ஒரு கறையாகவே நம் கண்ணில் படாத தலையெண்ணெய். தலை சாயும் இடம் மட்டும் மற்ற பாகங்களுக்கு முன்பே விறைத்து வெடிப்பதை எந்தப் பழைய வேனிலும் பார்க்கலாம். நம் பஸ் ஓட்டுநர்கள் இருக்கையின் முதுகில் விரித்துக்கொள்ளும் பூத்துவாலையை அழகுக்கென்று சிலர் எண்ணுகிறார்கள். இந்த வியாதிக்கு அதைவிட மலிவான பரிகாரம் எந்தச் சீட் கவர் கடையிலும் கிடையாது.

வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் கறுப்பு இருக்கையின் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேல் சுடும். வேப்பமர நிழலோ, அது இல்லாவிடில் ஒரு பழைய வேட்டியோ, அந்த உஷ்ணத்திலிருந்து இருக்கையைக் காக்கப் போதும். புதிதாக உறை தைக்கக் கொடுக்கும்போது பருத்தி நூலுக்குப் பதில் பாலியெஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள். உறை நன்றாயிருக்கும்போதே நூல் மக்கி வாய்பிளப்பதே பாதி இருக்கைகளின் கதை.

இதே வினைல் படகுகளிலும் உண்டு. முட்டுக்காட்டிலும் உதகை ஏரியிலும் உல்லாசப் பயணிகள் அமரும் மோட்டார் படகுகளைப் போன்றவற்றின் மெத்தைகளுக்கென்று, வெயிலைத் தாங்கும் சரக்கும் பூஞ்சணத்தைத் தடுக்கும் சரக்கும் சேர்த்த தனி ரகமொன்று செய்கிறார்கள். உப்புநீரில் ஓடும் படகானால், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரால் துடைப்பது கட்டாயம். உலர்ந்த உப்பின் படிகம் நம் கல்மாவு செய்யும் வேலையையே செய்யும். படகு மெத்தைகளில் சில சமயம் இளஞ்சிவப்பு நிறத் திட்டொன்று தோன்றி, எதற்கும் அசையாமல் நிற்பதுண்டு. உறையின் அடிப்புறத்து ஈரத்தில் வளரும் நுண்ணுயிர் வெளிவிடும் சாயம் வினைலினுள் ஊறி மேலே தெரிவதே அது. மேலே தேய்த்துப் பிரயோஜனமில்லை. ஸ்பாஞ்சை எடுத்து உலர்த்தி, உறையை மாற்றுவதுதான் வழி.

இனி எஞ்சினுக்கு வருவோம்.

மாட்டுவண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டவர்களின் சந்ததி நாம். அந்த விளக்கெண்ணெயையே முதலாம் உலக யுத்த காலத்து ஆகாய விமானங்களின் எஞ்சின்களும் குடித்தன என்பது பலருக்குத் தெரியாது. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையே ஒரு படலமாக நிற்பது எண்ணெயின் முதல் வேலை என்பதை அந்த அச்சு மையே கற்பித்துவிடும். எஞ்சினிலோ அதற்கு மேலும் சில பொறுப்புகள் உண்டு. பிஸ்டனின் சூட்டை வாங்கிச் செல்லவேண்டும்; எரிந்த டீசலின் கரியைத் திரளவிடாமல் தன்னுள் மிதக்கவைத்துக்கொள்ளவேண்டும்; எரிதலில் பிறக்கும் அமிலத்தை முறிக்கவேண்டும். இவற்றுக்கென்று கம்பெனியார் கலந்துவைத்த சரக்குகள் நாளடைவில் செலவாகித் தீர்ந்துபோகின்றன. எண்ணெய் அளவில் குறையவில்லையே, ஏன் மாற்றவேண்டும் என்று கேட்பவர்க்கு விடை இதுதான்: குச்சியில் அளவு தெரியும், இந்தச் சரக்குகள் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்பது தெரியாது.

நிறத்தை வைத்து முடிவு செய்வதும் தவறே. டீசல் எஞ்சினில் இன்று ஊற்றிய எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும்; கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் கடமையாதலால், கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்கிற எண்ணெய். கணக்கு வைக்கவேண்டியது ஓடிய மணி நேரத்துக்கு. புது டிராக்டருக்கு முதல் மாற்றம் பெரும்பாலும் 50 மணியிலும், பின்னர் 250 மணிக்கு ஒரு முறையும் என்று பல மாடல்களின் கையேடுகள் கூறுகின்றன. சில புதிய மாடல்களுக்கு இது இன்னும் நீளும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே பிரமாணம். நம் பக்கத்தில் உழவுக்கு மணிக் கணக்கில்தான் வாடகை. வாடகை வாங்கும்போது மீட்டரின் கடைசி இலக்கம்வரை கூர்ந்து பார்க்கும் அதே கண்கள், எண்ணெய் மாற்ற வேண்டிய இலக்கம் கடந்துபோனதை மட்டும் பார்ப்பதில்லை. கிணற்றடி எஞ்சினுக்கு மீட்டர் கிடையாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு: 5 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். ஆகவே வாங்கிய டீசலை எழுதிவைத்தால் ஓடிய மணியும் தெரிந்துவிடும். 100 மணிக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் எஞ்சினுக்கு, 100 லிட்டர் டீசல் தீர்ந்ததும் எண்ணெய்க்கு நாள் வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

ஓடாத எஞ்சினுக்கு எண்ணெய் கெடாது என்பது மற்றொரு மயக்கம். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், சிறிதளவு எப்போதும் சேம்பருக்குள் இறங்கி எண்ணெயோடு சேரும். நீண்ட நேரம் சூடாக ஓடும் எஞ்சினில் அது மறுபடியும் ஆவியாகிப் போய்விடும். எடுத்து ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்திவிடும் எஞ்சினிலோ அங்கேயே தங்கி, அமிலமாகி, பேரிங்குகளை அரிக்கும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகவே, கிணற்றடி ஆயில் எஞ்சின்கள் பலவும் கொட்டகையின் மூலைக்குப் போய்விட்டன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வீசி, புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்டு இல்லாமற்போனபோது, குடிதண்ணீருக்குக்கூட ஜெனரேட்டரையும் எஞ்சினையும் தேடி அலையவேண்டி வந்தது. அத்தகைய ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருக்கும் எஞ்சினுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவதே முறை. ஐப்பசி மழைக்கு முன்பு, புரட்டாசியில், மாற்றிவிட்டு அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிவைப்பது நல்லது.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை கூறலாம். டப்பாவின்மேல் 15 டபிள்யூ 40 என்றோ 20 டபிள்யூ 40 என்றோ அச்சிட்டிருப்பதில், முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னுள்ள 40 சுமார் 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. மார்கழியிலும் உறைபனி காணாத கீரனூரில் முதல் எண்ணைப்பற்றி அதிகம் கவலைப்படவேண்டியதில்லை. சி.எச். 4, சி.ஐ. 4 என்று டீசல் எஞ்சின்களுக்கு உள்ள தரக்குறிப்பே முக்கியம். கையேட்டில் கண்டதற்குக் குறைந்த தரம் கூடாது, உயர்ந்தது இருக்கலாம். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை வாங்கவேண்டாம். முத்திரை உடையாத டப்பாவை வாங்கி, ஊற்றி முடித்ததும் அந்த டப்பாவை வெட்டிப்போடுங்கள். போலிச் சரக்கு அடைப்பவர்களுக்கு உங்கள் காலி டப்பாதான் மூலதனம்.

மாற்றும் கிரமத்தைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்டி, எண்ணெய் சூடேறிய பிறகு அணைக்கவேண்டும். சூடான எண்ணெய் தன்னோடு கசடையும் இழுத்துக்கொண்டு வரும், ஆறிய எண்ணெய் கசடைச் சேம்பரின் அடியிலேயே விட்டுவிட்டு வரும். கையைப் பொசுக்கும் அளவுக்குக் கொதிக்கவும் கூடாது. கியரை விடுவித்து, கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டியின் அடியிலும் புகாமல், அகன்ற பழைய பேசினை அடியில் வைத்து, மேல்மூடியைத் திறந்துவிட்டு, டிரெயின் நட்டைச் சரியான அளவு ரிங் ஸ்பேனரால் தளர்த்தவேண்டும். கடைசிச் சுற்றைக் கையாலேயே சுழற்றி நட்டைச் சட்டென்று விலக்கிவிட்டால் கை நனையாது. அதன் பிறகு பொறுமை வேண்டும். முக்கால்வாசி எண்ணெய் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். மீதியோ, கெட்டதெல்லாம் அடங்கிய அந்த மீதி, சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரம் இறங்கும். அதற்குள் நட்டைப் பூட்டிவிடுகிற அவசரக்காரர், புது எண்ணெயில் பழைய கசடைக் கலந்து வைத்தவராகிறார்.

காத்திருக்கும் நேரத்தில் பேசினில் விழுந்ததைப் பரிசோதிக்கலாம். டீக்கடையில் பால் கலந்ததுபோல் எண்ணெய் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையோ, லைனர் ரப்பர்களையோ மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். எண்ணெய் நீர்த்து, டீசல் வாசனை அடித்து, குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியும் இருந்தால், எங்கோ டீசல் உள்ளே கசிகிறது. விரலிடையே தேய்த்தால் மினுமினுக்கும் உலோகப் பொடி சிறிதளவு புது எஞ்சினில் சகஜம். பழைய எஞ்சினில் செம்பு நிறத் தகடுகளாகத் தென்பட்டால் பேரிங் தேய்கிறதென்று பொருள், அடுத்த உழவுக்குமுன் பார்த்துவிடவேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. எஞ்சின் வேலை என்று லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றும் பெரிய செலவை முன்கூட்டியே அறிவிக்கக்கூடிய ஜாதகம் அந்தப் பேசினில்தான் கிடக்கிறது.

நட்டுக்குப் புதிய வாஷர் போட்டுப் பூட்டியபின், ஃபில்டரையும் கட்டாயம் மாற்றவேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி எண்ணெய் தடவி, கையால் சுழற்றி, ரப்பர் தொட்டதற்குமேல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஸ்பேனரால் இறுக்கிய ஃபில்டர் அடுத்த முறை கழலாது. கையேட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை இரண்டு நிமிஷம் மெதுவாக ஓட்டி, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா, எங்கேனும் ஒழுகுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துக் குச்சியைத் துடைத்து அளந்து, இரண்டு கோடுகளுக்கும் இடையில் மேல்கோட்டை ஒட்டி நிற்கும்படி மீதியை ஊற்றவேண்டும். கூட இருந்தால் நல்லதுதானே என்று மேல்கோட்டைத் தாண்ட ஊற்றுவது தவறு. சுழலும் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எந்த பேரிங்கையும் காப்பாற்றாது.

எண்ணெயைச் சரியாக மாற்றியும் எஞ்சின் சீக்கிரம் தேய்கிறதென்றால், இந்தப் பக்கத்தில் நான் முதலில் சந்தேகிப்பது காற்று புகும் வழியை. பழைய டிராக்டர்களிலும் கிணற்றடி எஞ்சின்களிலும் ஆயில் பாத் வகை ஏர் கிளீனர் இருக்கும். உள்ளே வரும் காற்று அடிக்கிண்ணத்து எண்ணெயின்மேல் சட்டென்று திரும்பும்போது, திரும்பமாட்டாத தூசி எண்ணெயில் விழுந்துவிடுகிறது. எளிமையான யந்திரம், எத்தனையோ காலமாக நம்பிக்கையோடு உழைப்பது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கவேண்டும், அது சேறாகாமலும் இருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் காய்ந்த நிலத்தைப் புழுதி உழவு உழும்போதும், குவாரிப் பக்கம் ஓட்டும்போதும், தினமும் காலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். அடியில் அரை அங்குலம் சேறு தட்டினால் கொட்டிக் கழுவிவிட்டு, கோடுவரை புது எண்ணெய் ஊற்றவேண்டும். காகித ஃபில்டர் உள்ள வண்டிகளில், அதை டயரில் அடித்துத் தூசி தட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பொத்தல் தெரிந்தால் மாற்றவேண்டும். ஒரு சிட்டிகை கல்மாவு ரிங்குகளினிடையே புகுந்துவிட்டால், நேற்று ஊற்றிய விலையுயர்ந்த எண்ணெயே அதைச் சுமந்து கொண்டுபோய் ஒவ்வொரு பேரிங்கிலும் பூசும்.

சிறு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து போடும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் அந்த எண்ணெய் எரிந்தே போய்விடுவதால், வடித்து மாற்றவேண்டியது கியர் ஆயில் மட்டுமே. அதே வடிவில் இப்போது வரும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை வாங்கிய சிலர், பழைய நினைவிலேயே, எஞ்சின் ஆயில் என்றொன்று இருப்பதையே மறந்து ஓட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்தின் கடற்கரையாகிய கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து விசைப்படகுக்காரர்களுக்கு இதற்கென்று ஒரு காலமே வகுக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில், படகுகளைப் பழுதுபார்க்கும்போது எஞ்சின் வேலையையும் முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு: எண்ணெயைத் தடை தொடங்கும்போதே மாற்றிவிடவேண்டும். பலர் கடலுக்குக் கிளம்பும் முந்தின நாள் மாற்றுகிறார்கள். அதற்குள் இரண்டு மாதம் அமிலமும் ஈரமும் கலந்த பழைய எண்ணெய் பேரிங்குகளோடு உறவாடி முடித்துவிடுகிறது. உப்புக்காற்றில் நிற்கும் எஞ்சினுக்கு இந்த வேற்றுமை சிறியதன்று.

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பது பாக்கி. கறையானுக்கென்று ஏணியிலும் வேலிக்காலிலும் பூசுவதும், புழுதி அடங்கக் களத்தில் தெளிப்பதும், வரப்போரத்தில் கொட்டுவதும் இங்கே சாதாரணமாக நடக்கின்றன. ஆற்றுப் பாசனம் எட்டாமல், கண்மாயையும் கிணற்றையும் நம்பியே வாழும் இந்த ஊர்களில், சரளை நிலத்தில் கொட்டியது அடுத்த மழையில் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தால் அந்தப் பழக்கம் தானே நின்றுவிடும். 2016-ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் விதிகளும் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தி, பதிவுபெற்ற சுத்திகரிப்பாளரிடமே அது போய்ச் சேரவேண்டுமென்கின்றன. ஒரு விவசாயி அவர்களைத் தேடிப் போகமுடியாது. ஆனால் டிரம்மில் சேர்த்து, அவர்களுக்கு முறையாகக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பாரிடம் விசாரித்துக் கொடுத்துவிடலாம். கையில் பட்டதைப் பெட்ரோலால் கழுவாமல் சோப்பால் கழுவுங்கள்; எண்ணெய்க் கையோடு இருக்கையில் ஏறி உட்காராதீர்கள். கொடுக்கும்வரை இறுக்கமான மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே பழைய ஆயில் என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். சமையல் எண்ணெய் வாங்கிய டின்னிலோ, குடிதண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிவைப்பது எக்காரணத்தை முன்னிட்டும் கூடாது.